கவுளிக்குத் திசை பார்த்தவள்

சமையலறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ட்ச்சு... ட்ச்சு... ட்ச்சு...

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. பாயில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. விரலை மடக்கித் தரையில் தட்டினாள்.

"பாத்தீகளா மதினி! பல்லியே சரின்னு சொல்லிருச்சு. இனி நம்ம பேச என்ன இருக்கு? தட்டக் குடுங்க."

பக்கத்தில் அவள் மகன் ராஜ்கமல் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். நிட்டிங் மெஷின்களைக் கழற்றிப் பூட்டும் மெக்கானிக். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை இருந்தது. இன்றைக்கென்று தேய்த்துக் கழுவியும் போகாத கறை. காப்பி டம்ளர்களை எடுக்க வந்த தமிழ்மதி, சுவரோரம் நின்று தன் தாய் சித்ரகலாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் உயிரெல்லாம் அப்போது அவள் கண்ணில்தான் இருந்தது.

சித்ரகலாவின் கையில் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. காலையிலேயே அடுக்கி வைத்துவிட்டாள். வேறு ஊர், வேறு சனம் என்று சேவூரில் இருக்கும் சொந்தமெல்லாம் முகத்தைத் திருப்பும், திருப்பட்டும். தாலி இறங்கிய நாளிலிருந்து ஒரு வாய்ச் சோறு போடாத சொந்தம் இப்போது முகத்தைத் திருப்பினால் என்ன? 'என்ற புள்ளைய உங்க கையில குடுக்கறேனுங்க' என்று சொல்லித் தட்டை நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் தட்டு நீளவில்லை.

பாண்டியம்மாளின் உசிலம்பட்டிப் பக்கத்தில், பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் அது சம்மதம். அதோடு முடிந்தது. சித்ரகலா வாழ்ந்த வீட்டில் அதற்குப் பெயர் கவுளி. கவுளி சொன்னால் போதாது. எந்தத் திசையிலிருந்து சொன்னது என்று பார்க்க வேண்டும்.

தட்டைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். சிவப்பு நிற மூடியைத் திறந்து பின்பக்கம் மடித்தாள். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் ஒரு முள் நடுங்கி நடுங்கி நின்றது. போனை உள்ளங்கையில் படுக்க வைத்துச் சமையலறை வாசலைப் பார்க்கத் திரும்பினாள்.

தெற்கு.

"அம்மா," என்றாள் தமிழ்மதி மெதுவாக. "சமையக்கட்டு அக்கினி மூலையிலதான கட்டியிருக்குதுன்னு வீட்டுக்காரரு சொன்னாரு? அக்கினி மூலைன்னா தென்கிழக்கும்மா. இன்னிக்குத் தென்கிழக்கு நல்லதுன்னு நீதான காலைல சொன்ன?"

"கொத்தனாரு கண்ணளவுல கட்டுனது கண்ணு. கண்ணு தப்பும். போன் தப்பாது."

சித்ரகலாவின் முகம் வெளுத்திருந்தது. பாண்டியம்மாள் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மதினி, போன்ல யாரு?"

"யாருமில்லீங்க." சித்ரகலா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இது... இது இப்ப வேண்டாங்க."

மல்லிகை அந்தத் தட்டிலேயே கிடந்து வாடியது.

* * *

ஒரு பல்லிச் சத்தத்துக்காகப் பெற்ற மகளின் வாழ்க்கையை ஒருத்தி தள்ளி வைப்பாளா? வைப்பாள். சித்ரகலாவுக்கு நடந்தது நடந்திருந்தால் யாரும் வைப்பார்கள்.

தமிழ்மதி பள்ளிக்கூடம் சேராத வயதில், அவர்கள் சேவூரில் இருந்தார்கள். கணவன் மோகன்ராஜ் சாயப்பட்டறையிலிருந்து துணி ஏற்றி வரும் டெம்போ ஓட்டினான். ஒரு நாள் அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எங்கிருந்தோ கவுளி சொன்னது. சித்ரகலா வாசலுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, கவுளி சொல்லுதுங்க. சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"கவுளிக்குப் பயந்து உக்காந்தா கம்பெனிக்காரன் என்ற வேலைக்குப் பூட்டுப் போட்டுருவான். போடி!" சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

அவிநாசிப் பக்கத்து நெடுஞ்சாலையில், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் அந்த டெம்போ போய்ச் செருகியது. மோகன்ராஜ் துணி மூட்டைகளோடு மூட்டையாகத் திரும்பி வந்தான்.

அழுது ஓய்ந்த வீட்டில் அவள் மாமியார் வேலாத்தாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். "தெக்கால சொல்லுச்சேடி! தெக்கு எமன் தெசைன்னு உனக்குத் தெரியாதா? தடுத்து உக்கார வெக்கறதுக்கு உனக்குக் கையில்லையா?"

தெற்கா? சித்ரகலாவுக்குத் தெரியாது. மேற்கிலிருந்து வந்த மாதிரிதான் அவளுக்குக் கேட்டது. மேற்குதானே, பெரிய கெடுதல் இல்லை என்று நினைத்ததால்தான் இன்னொரு முறை அவன் கையைப் பிடித்து இழுக்காமல் விட்டாள். தன் காது திசை தப்பிவிட்டதா? திசை தெரியாதவள், புருஷனை அனுப்பி வைத்தவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரோடுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவிநாசிக்கு வந்தாள்.

அங்கமுத்து என்பவரின் லைன் வீடுகளில் ஒன்றுக்குக் குடி வந்தாள். குழந்தைகளுக்கான பனியன் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சின்னஞ்சிறு சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதைப் பிரித்துப் போடுகிற வேலை. யாரோ பெற்ற பிள்ளைகளின் சட்டையில் ஒரு நூல் பிசிறு விடமாட்டாள். நின்று நின்றே அவள் கால் நரம்பெல்லாம் சுருண்டது. நின்றுகொண்டே மகளைப் படிக்க வைத்தாள்.

படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த தமிழ்மதி, முதல் சம்பளத்தில் தாய்க்கு ஒரு போன் வாங்கி வந்தாள். கீழே விழுந்தால் உடையாமலிருக்க, புத்தகம் போலத் திறந்து மூடும் சிவப்பு மூடி ஒன்றையும் தானே தேடி வாங்கிப் போட்டுவிட்டாள். மூடினால் டப்பென்று தானாக ஒட்டிக்கொள்ளும். சித்ரகலா அந்தச் சத்தத்துக்காகவே அதைத் திறந்து திறந்து மூடுவாள்.

"இதுல என்னெல்லாம் இருக்குது கண்ணு?"

"எல்லாம் இருக்கும்மா. பாட்டு, படம், டார்ச்சு... இங்க பாரு, திசைகூடக் காட்டும்."

அந்த ஒன்றைக் கேட்டதும் சித்ரகலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திசையா? காட்டு, காட்டு."

அன்றிலிருந்து அவளுக்குப் புது வாழ்க்கை. அந்த லைன் வீடுகள் இருக்கும் தெரு கோணலாகப் போகும். சூரியன் எந்த வீட்டு வாசலுக்கும் நேராக உதிக்காது. எது கிழக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போடுவார்கள். சித்ரகலா போனை நீட்டினாள் என்றால் சண்டை முடிந்தது. பொங்கப் பானையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? கட்டிலில் தலை எந்தப் பக்கம்? பீரோவை எங்கே போடுவது? "சித்ராக்காவக் கூப்புடு" என்றார்கள். புருஷனுக்குத் திசை சொல்லத் தெரியாதவள் ஊருக்கே திசை சொன்னாள்.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரி. அதே கம்பெனியில் டெய்லர். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"யக்கா, நாங்க மாதா கோயிலுக்குப் போற ஆளுக. எங்க ஆண்டவரு எந்தத் திசையிலயும் இருப்பாரு."

"இருக்கட்டும் ரோசு. உன்ற கட்டிலு வடக்கே தலைய வெச்சுக் கெடக்குது. அதான் உனக்குத் தூக்கமே வர்றதில்ல."

"எனக்குத் தூக்கம் வராததுக்குக் காரணம் கட்டிலு இல்லக்கா. அதுல படுத்துக் கொறட்டை விடுற மனுசன்."

சொன்னாளே தவிர, சித்ரகலா சொன்னபடி கட்டிலைத் திருப்பிப் போட்டாள். வீட்டுக்காரர் அங்கமுத்துவிடமே ஒரு நாள் சித்ரகலா சொல்லிவிட்டாள், சமையலறை இருக்க வேண்டிய மூலையில் இல்லை, தெற்கே விலகிக் கிடக்கிறது என்று. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அம்முணி, மனைப் பொருத்தம் பாத்து, அக்கினி மூலையில கல்லு வெச்சுத்தான் கட்டுனேன். உன்ற போனு பொறக்கறதுக்கு முந்தியே அக்கினி மூலை அங்கதான் இருந்துச்சு."

சித்ரகலா சிரித்துக்கொண்டாள். பாவம், பழைய ஆள். அவருக்கு என்ன தெரியும்!

* * *

பாண்டியம்மாள் வந்து போனது வைகாசி மாதம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தமிழ்மதி உடைந்தாள்.

"அவுரு குடிக்கறாரா? இல்ல. அடிக்கறவரா? இல்ல. உனக்குக் கால் வலின்னு கேட்டு ஆபீசு வாசல்ல தைலம் வாங்கிக் குடுத்தனுப்புனாரு. நீயும் வாங்கித் தேச்ச. அப்பறம் எதுக்கும்மா?"

"கவுளி தெக்கால சொல்லுச்சு கண்ணு."

"உனக்கு அவங்க சாதி புடிக்கலீன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன். பல்லி மேல பழியப் போடாத."

"சாமி சத்தியமா இல்ல! தட்டு அடுக்கி வெச்சிருந்தது நீ பாக்கல? உங்கப்பனத்தான் தெக்குக்குக் குடுத்துட்டேன். இன்னொருத்தனையும் குடுத்துட்டு, நீயும் என்ன மாதிரி நெத்தியத் தொடச்சுட்டு நிக்கறத நான் பாக்கோணுமா?"

தமிழ்மதி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். தாயை மீறி ஓடிப் போகிற பெண் அவள் இல்லை. நின்று நின்று சுருண்ட அந்தக் கால் நரம்பைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். அதுதான் அவளுக்குப் போட்ட விலங்கு.

ஆனி முடியும் சமயம். கம்பெனியில் குழந்தைச் சட்டை ஆர்டர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்மேரியின் மெஷினில் டக்கென்று ஊசி உடைந்தது.

குழந்தைத் துணி தைக்கிற இடத்தில் ஊசி உடைவது சின்ன விஷயமில்லை. உடைந்த துண்டெல்லாம் கிடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசியாகிற வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. ஒரு துண்டு துணிக்குள் போய்விட்டால் எங்கோ ஒரு குழந்தையின் நெஞ்சில் குத்தும். இரண்டு துண்டு உடனே கிடைத்தது. நுனி மட்டும் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் கயிறு கட்டிய காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். சட்டைகளை உதறினார்கள். ரோஸ்மேரி மெஷினுக்கு அடியில் படுத்தே விட்டாள்.

"மாதாவே, அந்த நுனியக் காட்டிரு, ஒனக்கு மெழுகுத்திரி பொருத்துறேன்," என்று தரையிலிருந்து அவள் குரல் வந்தது.

"மொதல்ல எந்திரி. உன்னத் தேடறதுக்கு இன்னொரு ஆள் போடோணும்," என்றார் சூப்பர்வைசர்.

எழுந்தவள், பக்கத்தில் சித்ரகலாவின் செக்கிங் மேசையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"யக்கா... இங்க பாருங்க!"

மேசை ஓரத்தில் துணிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த சித்ரகலாவின் போன், துணி விலகிப் பாதி வெளியே தெரிந்தது. அதன் சிவப்பு மூடியின் விளிம்பில், ஒரு எறும்பின் கால் போல, ஊசியின் நுனி ஒட்டிக்கொண்டு நின்றது.

"அட!" சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "போன் உள்ள கொண்டு வந்ததுக்கு உங்களத் திட்டோணும். ஆனா இன்னிக்கு அதுதான் நம்மளக் காப்பாத்துச்சுங்க. மூடியில நல்ல காந்தம் வெச்சிருக்கறான் போல."

எல்லாரும் கை தட்டினார்கள். ரோஸ்மேரி மூடிக்கே முத்தம் கொடுத்தாள். சித்ரகலா மட்டும் சிரிக்கவில்லை.

"காந்தமா?"

"பின்ன? காந்தம் இல்லீன்னா டப்புன்னு எப்புடி ஒட்டும்?" என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் போய்விட்டார்.

காந்தம். திசை காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டு போகாதே என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது எந்தக் காலம்! அது எங்கோ அடி மனசில் கிடந்து இப்போது எழுந்து வந்தது. சித்ரகலா சுவரோரம் ஒதுங்கினாள். போனைத் திறந்தாள். வட்டம் வந்தது. முள் நின்றது. மூடியிலிருந்து போனை மெல்லக் கழற்றினாள்.

முள் துடித்தது. நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய் வேறு ஓர் இடத்தில் நின்றது.

மறுபடி மூடியைப் போட்டாள். பழைய இடம். கழற்றினாள். புது இடம்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கூடத்து நடுவில், அன்றைக்குத் தட்டோடு நின்ற அதே இடத்தில் நின்று, மூடியில்லாத போனை உள்ளங்கையில் படுக்க வைத்தாள். சமையலறை வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

தென்கிழக்கு. அங்கமுத்து சொன்ன அக்கினி மூலை. அன்றைக்கு நல்ல சேதி சொல்லும் திசை. கவுளி நல்லதைத்தான் சொல்லியிருக்கிறது. பாண்டியம்மாள் தரையில் தட்டிச் சிரித்தாளே, அதையேதான் அதுவும் சொல்லியிருக்கிறது.

சித்ரகலா அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். மகள் ஆசையாசையாக வாங்கிப் போட்ட மூடி மடியில் கிடந்தது. எந்த மகள் தந்தாளோ, அந்த மகளையே அல்லவா அது அழ வைத்துவிட்டது!

* * *

அப்போதே அவள் பாண்டியம்மாளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நம்பர் போனிலேயே இருந்தது.

எடுத்தாள். விரல் நம்பரின் மேல் நின்றது. என்ன சொல்வது? போன் மூடி காந்தம் என்றா? சிரிக்க மாட்டார்களா? இந்தத் தெருவில் கட்டிலைத் திருப்பியவர்களும் பீரோவை நகர்த்தியவர்களும் வந்து கேட்க மாட்டார்களா? திசை தெரியாதவள் என்ற பேரை எத்தனை பாடுபட்டு அழித்தாள்! மறுபடி அதைத் தானே எழுதிக்கொள்வதா?

போனை வைத்துவிட்டாள். மூடியைப் பீரோவுக்குள், மோகன்ராஜின் சட்டைக்கு அடியில் ஒளித்தாள். மகளிடம் சொல்லவில்லை.

"மூடி எங்கம்மா?"

"கிழிஞ்சு போச்சு கண்ணு."

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் பேசக்கூடாதே என்று மனசுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. ஆவணி பிறக்கட்டும். பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பாண்டியம்மாள் பிழைப்புக்குக் குடியிருக்கும் முதலிபாளையத்துக்குப் பஸ் ஏறி, அவள் வீட்டு வாசலில் நின்று, 'தப்பு என்ற மேலதானுங்க' என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மல்லிகைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தாள். மகளைப் பார்க்கும்போதெல்லாம், 'இன்னும் கொஞ்சம் பொறு சாமி' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"மதினி, இருக்கீகளா?"

பாண்டியம்மாள்! சித்ரகலாவின் நெஞ்சு துள்ளியது. அவளே வந்துவிட்டாள்! தெய்வம் அனுப்பியது போல வந்துவிட்டாள்! பாயை உதறிப் போட்டாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த தமிழ்மதி சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க. நானே நாளைக்கு உங்கூட்டுக்கு வரலாம்னு இருந்தேனுங்க."

"எங்க வீட்டுக்கா?" பாண்டியம்மாள் புருவத்தை உயர்த்தினாள். "என்ன அதிசயம்! நானும் ஒங்கள அழைக்கத்தேன் வந்தேன்." பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்தாள். தட்டில்லாமல் வெறும் கையாலேயே நீட்டினாள். "ராஜ்கமலுக்கு ஆவணிக் கடேசியில கல்யாணம். பொண்ணு எங்க ஊருதேன். எந்தம்பி சம்சாரத்தோட ஒறவு."

சித்ரகலா கை நீட்டவில்லை. பாண்டியம்மாள் பத்திரிகையைப் பாயில் வைத்தாள். சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே உருண்ட சத்தம் கேட்டது.

"எப்பங்க... எப்ப முடிவாச்சுங்க?"

"ஆடிப் பதினெட்டுக்குப் பூ வச்சோம். ஆத்துல தண்ணி பெருகுற நாளு, அன்னைக்கு எதுக்கும் தோசமில்ல. ஒங்க பக்கமும் அப்படித்தான?"

அப்படித்தான். ஆடி என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்திருந்தவளுக்கு ஆடிப் பதினெட்டு ஞாபகத்துக்கு வரவில்லை.

அடக்கி வைத்த வாக்கியமெல்லாம் அப்போது உடைந்து கொட்டியது. "தப்பு என்ற மேலதானுங்க. அன்னிக்குக் கவுளி தெக்கால சொல்லலீங்க. அக்கினி மூலையிலதான் சொல்லுச்சுங்க. போன் மூடியில காந்தம் இருந்துச்சுங்க, அது முள்ள இழுத்துப் போட்டுருச்சு. நல்ல வாக்குதானுங்க சொல்லுச்சு. எனக்குத் தெரியாமப் போச்சுங்களே!"

பாண்டியம்மாள் சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி, பல்லி சரின்னுதேன் சொல்லுச்சுன்னு. நீங்க பல்லியக் கேக்கல. போனைக் கேட்டீக." பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "சரி, அது போகட்டும். மூடியில காந்தம் இருக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

சித்ரகலா தலை குனிந்தாள். "ஆனி மாசத்துலீங்க."

"ஆனியா?" பாண்டியம்மாள் மாரில் கையை வைத்தாள். "அடப்பாவத்த! எம்மகன் ஆடிப் பதினேழு வரைக்கும் தலையாட்டலையே! 'இருங்கம்மா, அவுக மனசு மாறும், போன் வரும்'னு அந்தப் போனைத் தலமாட்டுலயே வச்சுக்கிட்டுக் கெடந்தான். சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பான். கம்பெனிக்காரன் பேசுவான், இல்லன்னா ஒண்ணுமில்லாத கால் வரும். கடேசில நான் அழுததப் பாத்துட்டுத்தேன் சரின்னான்."

அவள் எழுந்தாள். சேலையைச் சரி செய்தாள்.

"அந்தப் போன்ல பேசவும் செய்யலாம்ல மதினி?"

தமிழ்மதி காப்பியோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது. டம்ளரை நீட்டிய கை ஆடவில்லை.

"காப்பி குடிங்கத்தை."

பாண்டியம்மாள் நின்றபடியே வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "ஒனக்குக் குடுத்து வைக்கலையா, எனக்குக் குடுத்து வைக்கலையான்னு தெரியலையே தாயி."

"அவுரு நல்லா இருக்கட்டுங்கத்தை. நான் சொன்னேன்னு சொல்லுங்க." தமிழ்மதி பாயிலிருந்த பத்திரிகையைத் தானே குனிந்து எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடச் சித்ரகலா தாங்கியிருப்பாள்.

"அந்தச் செவப்பு மூடி நான் வாங்குனதுதானம்மா? ஏம்மா எங்கிட்டச் சொல்லல? தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருந்தா நானே போயிருப்பனே. நடந்தே போயிருப்பேன்."

பாண்டியம்மாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஆட்டோக்காரர் தெருவில் ஹாரன் அடித்தார். படியில் கால் வைத்தவள் ஒருமுறை திரும்பினாள்.

"கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிடத்தேன் வந்தேன். வராட்டியும் கோவிச்சுக்கிற மாட்டேன் மதினி. வர்றேன் தாயி."

"போய்ட்டு வாங்கத்தை," என்றாள் தமிழ்மதி உள்ளிருந்து.

ஆட்டோ கிளம்பியது. கோணல் தெருவில் வளைந்து வளைந்து, பிள்ளையார் கோயில் முக்கில் திரும்பி மறைந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சித்ரகலாவுக்குப் போன் தேவைப்படவில்லை. இடுப்பில் அது இருந்தது, அவள் தொடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ போன வழியையே பார்த்து நின்றாள். கூப்பிட்டால் திரும்பி வருவாளா? ஓடினால் பிடித்துவிடலாமா? நின்று நின்று சுருண்ட அந்தக் கால் ஒரு அடி படியில் இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

சமையலறையில் குழாயைத் திறந்து தமிழ்மதி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"கதவச் சாத்திட்டு வாம்மா. கொசு வருது."

சித்ரகலா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.